பொங்கலூர் பக்கத்து ஆழமான சுண்ணாம்பு நிலம்: இது களரா? மூன்று பெயர்களில் எது சரி?

கேள்வி (நிலத்துக்கு உரியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் மாவட்டம் பொங்கலூர் அருகே எங்களுக்கு நாலரை ஏக்கர் நிலம் உள்ளது. ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். நிலக்கடலை இப்போது 34 நாள் பயிராக நிற்கிறது. சென்ற வாரம் மூன்று நாள் விடாமல் மழை பெய்து நிலம் ஈரமாகவே இருந்தது. அதன் பிறகு குருத்திலைகள் வெளிறத் தொடங்கின. நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிச் சில பாத்திகளில் ஏறக்குறைய வெள்ளையாகவே மாறிவிட்டது. அடியிலைகளில் எந்தக் குறையும் தெரியவில்லை.

செடியைக் காட்டிக் கேட்டபோது, "இது களர் நிலம், ஏக்கருக்கு ஒரு டன் ஜிப்சமும் 100 கிலோ கந்தகமும் போட்டால் சுண்ணாம்பு கரைந்து போய்விடும்" என்று உரக்கடையில் சொன்னார்கள். செலவு பெரிது என்பதால் தயங்குகிறேன். விதைப்புக்கு முன் எடுத்த மேல்மண் ஆய்வின் முடிவு இது: கார அமில நிலை (pH) 8.3, மின் கடத்துத்திறன் 0.28, அங்ககக் கரிமம் 0.38 விழுக்காடு, சுண்ணாம்பு 7 விழுக்காடு, மணிச்சத்து குறைவு, துத்தநாகம் 0.8 பி.பி.எம்., குறைவு, இரும்பு 4.6 பி.பி.எம்., போதுமானது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அப்பா வைத்திருந்த பழைய மண் அளவாய்வுத் தாளில் எங்கள் நிலத்தின் மண்வகை "அஸ்ட்ரோபெப்ட்" என்று குறிக்கப்பட்டுள்ளது. பின்னர் வந்த ஓர் அறிக்கை இதே பகுதியை "ஹாப்ளஸ்டெப்ட்" என்கிறது. வேளாண்மை படிக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர், "கால்சியஸ்டெப்ட்" என்றுதான் இருக்க வேண்டும் என்கிறார். ஒரே நிலத்துக்கு மூன்று பெயர் எப்படி வரும்? நிலம் களர்தானா? பயிரைக் காப்பாற்ற இப்போது என்ன செய்யலாம்?

மறுமொழி (ஓய்வுபெற்ற மண் அளவாய்வு அலுவலர்)

வணக்கம். முதலில் ஜிப்சம் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். உங்கள் ஆய்வு முடிவில் களர் நிலத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. களர் என்பது மண்ணின் களித்துகள்களில் சோடியம் மிகுந்து ஒட்டியிருக்கும் நிலை. மாற்றுச் சோடிய விழுக்காடு (களித்துகள்கள் பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு) 15ஐத் தாண்டும்போது மண்ணைக் களர் என்கிறோம். அத்தகைய மண்ணில் கார அமில நிலை பெரும்பாலும் 8.5க்கு மேல் போகும். நனைந்தால் சேறாகக் கரைந்து நீர் இறங்காமல் நிற்கும், காய்ந்தால் பாளமாக இறுகும். சுண்ணாம்பு மண்ணின் நிலை வேறு. கால்சியம் கார்பனேட் மண்ணிலேயே இருக்கும் வரை அதன் கார அமில நிலை 7.5க்கும் 8.4க்கும் இடையில் தானாகவே நிலைபெற்றுவிடும், சோடியம் சேராமல் அதற்கு மேல் ஏறுவது அரிது. உங்களுடைய 8.3 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஜிப்சம் செய்யும் வேலை, சோடியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைப்பதுதான். உங்கள் மண்ணில் ஏற்கெனவே கால்சியம் நிரம்பி வழிகிறது. நிலக்கடலைக்குப் பொதுவாக ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் பரிந்துரைக்கப்படுகிறது என்றாலும், அதே பரிந்துரை சுண்ணாம்பு நிலங்களில் அதைத் தவிர்க்கவும் சொல்கிறது. பலர் முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

கந்தகத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் ஏறத்தாழ 850 டன் எடை இருக்கும். அதில் 7 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 60 டன் சுண்ணாம்பு. நூறு பங்கு சுண்ணாம்பைக் கரைக்க 32 பங்கு கந்தகம் முழுவதும் அமிலமாக மாற வேண்டும் என்பதால், ஏக்கருக்கு 19 டன் தேவைப்படும். அந்த 100 கிலோ கந்தகம் கரைப்பது 300 கிலோவைச் சற்றே தாண்டிய சுண்ணாம்பைத்தான்.

இலை வெளிறலுக்கு வருவோம். குருத்திலையில், நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளிறுவது இரும்புக் குறைபாடு. தழைச்சத்துக் குறைவாக இருந்திருந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகியிருக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை, செடி எடுக்கக்கூடிய வடிவில் அது இல்லை என்பதே உண்மை. மழை ஈரம் மண்ணின் காற்றறைகளை அடைத்தபோது வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் தேங்கி, சுண்ணாம்பைச் சிறிது கரைத்து, மண்நீரில் பைகார்பனேட்டைப் பெருக்குகிறது. நிலக்கடலை வேர் தன்னைச் சுற்றி அமிலம் சுரந்து இரும்பைக் கரைத்து எடுக்கும் இயல்புடையது. அந்த அமிலத்தைப் பைகார்பனேட் உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மழைக்குப் பிறகே வெளிறல் தொடங்கியது என்று நீங்கள் எழுதியது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஆய்வறிக்கையில் "போதுமானது" என்று இருப்பதையும் விளக்க வேண்டும். டி.டி.பி.ஏ. என்ற கரைசலால் மண்ணிலிருந்து பிரித்து அளக்கும் இரும்புக்கு, தமிழ்நாட்டில் சுண்ணாம்பில்லாத மண்ணுக்கு 3.7 பி.பி.எம். என்றும் சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3 பி.பி.எம். என்றும் தனித்தனி வரம்பு பின்பற்றப்படுகிறது. உங்கள் 4.6ஐ முதல் வரம்போடு ஒப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் மண்ணுக்கு அது பற்றாக்குறைதான். அதே தாளில் சுண்ணாம்பு 7 விழுக்காடு என்று எழுதியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

உடனடியாகச் செய்ய வேண்டியது இலைவழித் தெளிப்பு. ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 2 கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பையும் 200 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து மாலையில் தெளியுங்கள். சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்த பிறகு அன்னபேதியைச் சேருங்கள். அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், துருவின் நிறத்துக்கு மாறியிருந்தால் வாங்க வேண்டாம். பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளியுங்கள். ஓரத்தில் இரண்டு சாலை மட்டும் தெளிக்காமல் விட்டு வைத்தால், வேறுபாட்டை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

பெயர் பற்றிய கேள்விக்கு மேல்மண் ஆய்வை வைத்து விடை சொல்ல முடியாது. ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, நிறமோ கல்லோ மாறும் இடங்களைக் குறித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தனித்தனியே மண் எடுத்துச் சுண்ணாம்பு விழுக்காட்டையும் களி விழுக்காட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வோர் அடுக்கின் மீதும் இரண்டு சொட்டு விட்டு, எங்கே நுரைக்கிறது, எங்கே நுரைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (தாராபுரம் பகுதி உழவர்)

ஐயா சொன்னதில் கந்தகம் பற்றி மட்டும் ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் நிலமும் சுக்காங்கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்ததுதான். தக்காளிக்குச் சொட்டுநீர்க் குழாயை ஒட்டிய சாலில் மட்டும் கந்தகத்தைத் தொழு உரத்தோடு சேர்த்துப் போட்டேன். மற்ற சால்களைவிட அங்கே இலை நன்றாகப் பச்சை கட்டியது. எனவே கந்தகமே வீண் என்று சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற மண் அளவாய்வு அலுவலர்)

நீங்கள் கண்டது உண்மையாகவே இருக்கும். நிலம் முழுவதையும் மாற்ற முயல்வது வேறு, வேர் ஓடும் குறுகிய பட்டையில் சிறிய அமிலப் பொட்டுகளை உண்டாக்குவது வேறு. இரண்டாவதற்குக் கந்தகம் உதவும். அந்தப் பொட்டுகளில் இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் சிறிது காலம் கரைந்து கிடைக்கும். நிலம் முழுக்க வீசினால் சுண்ணாம்பு போய்விடும் என்ற வாக்குறுதியைத்தான் நான் மறுத்தேன்.

மறுமொழி (நிலத்துக்கு உரியவர்)

ஐயா, தாமதத்துக்கு மன்னிக்கவும். முதல் தெளிப்பு முடிந்துவிட்டது. குழியும் வெட்டினோம். 150 செ.மீ. வரை மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை. மேலே 20 செ.மீ. பழுப்பு மண், அதன் கீழ் 60 செ.மீ. வரை செம்பழுப்பு, 60இலிருந்து 110 வரை வெள்ளை இழைகளும் கடலைப் பருப்பளவு முதல் கோலிக்குண்டு அளவு வரையான சுக்காங்கற்களும் நிறைந்துள்ளன, அதற்கும் கீழே அவை குறைந்துவிடுகின்றன. மேலிருந்து கீழாகச் சுண்ணாம்பு 7, 9, 19, 12 விழுக்காடு. களி 22, 24, 25, 23 விழுக்காடு. அமிலம் விட்ட எல்லா அடுக்கிலும் நுரைத்தது. மூன்றாவது அடுக்கில் பொங்கியே வந்தது.

மறுமொழி (ஓய்வுபெற்ற மண் அளவாய்வு அலுவலர்)

மிக நன்று. இந்த எண்களைக் கொண்டு பெயரைப் படிப்படியாக நாமே கண்டுவிடலாம்.

முதலில் இது ஏன் ஆல்ஃபிசால் என்ற மண் வகுப்பு இல்லை என்று பார்ப்போம். கோவை, திருப்பூர்ப் பக்கத்துச் செம்மண்கள் பல அந்த வகுப்பில் வரும். மேலடுக்கிலிருந்து களி கழுவப்பட்டுக் கீழே படிந்திருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. மேலே 15 முதல் 40 விழுக்காடு வரை களி உள்ள மண்ணில், கீழடுக்கின் களி குறைந்தது 1.2 மடங்கு இருக்க வேண்டும். உங்களுக்கு 22க்கு 25, அதாவது 1.14 மடங்குதான். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு நிற்பதால் எளிதில் கீழே கழுவப்படுவதில்லை. பெரிய வெடிப்பும் 30 விழுக்காடு களியும் இல்லாததால் கரிசலுக்கான வெர்டிசாலும் இல்லை. ஆகவே இளம் வளர்ச்சி பெற்ற இன்செப்டிசால்.

அடுத்தது சுண்ணாம்பு அடுக்கு. 15 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தடிமனும், 15 விழுக்காட்டுக்குக் குறையாத சுண்ணாம்பும், கீழடுக்கைவிடக் குறைந்தது 5 விழுக்காடு கூடுதலும் இருந்தால் அதைக் கால்சிக் அடுக்கு என்கிறோம். உங்கள் மூன்றாவது அடுக்கு 50 செ.மீ. தடிமன், 19 விழுக்காடு, கீழே உள்ளதைவிட 7 கூடுதல். அது 100 செ.மீ.க்குள் தொடங்குகிறது, அதற்கு மேலுள்ள மண் முழுவதும் அமிலத்தில் நுரைக்கிறது. இவை எல்லாம் ஒருங்கே அமைந்தால் அது கால்சியஸ்டெப்ட். உங்கள் உறவுக்காரத் தம்பி சொன்னதே சரி. மேல்மண் நுரைக்காமல் இருந்திருந்தால் ஹாப்ளஸ்டெப்ட் பக்கம் போயிருக்கும். அந்த அறிக்கை ஒரு பரந்த பகுதிக்கு ஒரே பெயரைத் தந்திருக்கலாம். உங்கள் குழியை அதை எழுதியவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அப்பாவின் தாளும் தவறன்று. 1975இல் வெளிவந்த அமெரிக்க மண் வகைப்பாட்டையே நம் நாட்டு அளவாய்வுகளும் பின்பற்றின. வெப்ப மண்டலத்து இன்செப்டிசால்களை அது தனிக் கிளையாக வைத்திருந்ததால் அஸ்ட்ரோபெப்ட் என்ற பெயர் வந்தது. 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் கிளை இல்லை. மண்ணின் ஈரநிலையை முன்னிறுத்தி அஸ்டெப்ட் என்ற கிளை வந்தது. பழைய தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் குழிவாரியான விவரம் இருந்தால் அது பெயரைவிட மதிப்புள்ளது.

25 முதல் 100 செ.மீ. வரை களி 18க்கும் 35க்கும் இடையில் உள்ளது. நுண்மணலும் அதைவிடப் பருமனான மணலும் சேர்ந்து 15 விழுக்காட்டுக்குக் குறையாத இருமண்பாட்டை (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்ணை) நுண் இருமண்பாட்டு வகை என்பார்கள். உங்கள் மண் அதில் அடங்கும். நம் தேசிய மண் அளவாய்வு வழக்கப்படி 100 முதல் 150 செ.மீ. வரை உள்ளது "ஆழமான மண்".

இந்தச் சுண்ணாம்பு அடுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 600 மி.மீ.யைச் சுற்றிப் பெய்யும் மழை, பாறையிலுள்ள கால்சியத்தைக் கரைத்து ஓரளவு கீழே இறக்கப் போதும். மண்ணைவிட்டே கழுவி வெளியேற்றப் போதாது. ஈரம் எட்டும் ஆழத்தில் நீர் வேரால் உறிஞ்சப்பட்டுக் காய்ந்ததும் சுண்ணாம்பு அங்கேயே தங்குகிறது. உங்கள் குழியில் அந்த ஆழம் 60இலிருந்து 110 வரை. பல ஆயிரம் ஆண்டு மழையின் அளவு அந்த வெள்ளைப் பட்டையில் பதிந்திருக்கிறது என்றே நான் அதைப் பார்ப்பது வழக்கம்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. இத்தகைய மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கும் நீராக ஏறத்தாழ 150 மி.மீ. தேக்கி வைக்கும், வடிகாலும் நல்லது. சோளம், மக்காச்சோளம், கொண்டைக்கடலை எல்லாம் நன்றாக வரும். சுண்ணாம்போடு வாழப் பழக வேண்டும், அவ்வளவே. மணிச்சத்தை வீசாமல், தொழு உரத்தோடு கலந்து விதைச்சாலின் அடியில் வையுங்கள். பாறைப் பாஸ்பேட் இங்கே கரையாது. யூரியாவை மேலே தூவி விட்டால் அம்மோனியாவாகப் பறந்துவிடும், மண்ணில் மூடி நீர் பாய்ச்சுங்கள். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் அடுத்த பருவத்தில் தேவை. கிணற்று நீரையும் ஒருமுறை ஆய்வுக்குக் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரில் கால்சியம், மெக்னீசியத்தைவிடக் கூடுதலாக உள்ள கார்பனேட், பைகார்பனேட்) அளவு லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டைத் தாண்டினால், இன்று களர் இல்லாத நிலம் சில ஆண்டுகளில் களராக மாறக்கூடும். நான் உண்மையில் அஞ்சுவது அதற்குத்தான்.

மறுமொழி (நிலத்துக்கு உரியவர்)

இரண்டாம் தெளிப்பும் முடிந்து எட்டு நாள் ஆகிறது. புதிய குருத்துகள் பச்சையாக வருகின்றன. தெளிக்காமல் விட்ட இரண்டு சால் இன்னும் மஞ்சள்தான். நீர் ஆய்வில் எஞ்சிய சோடியம் கார்பனேட் 1.6 என்று வந்துள்ளது. ஒரே ஒரு கேள்வி: வரப்போரம் தென்னை வைக்க எண்ணியிருக்கிறேன். அந்த வெள்ளை அடுக்கு வேரைத் தடுக்குமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற மண் அளவாய்வு அலுவலர்)

1.6 என்பது இடைப்பட்ட நிலை. இப்போதைக்குப் பாய்ச்சலாம், ஆண்டுக்கொரு முறை நீரையும் மண்ணையும் சோதியுங்கள். தென்னைக்கு, அந்த அடுக்கிலிருந்து நன்கு காய்ந்த ஒரு கட்டியை எடுத்து, நீர் நிறைந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். உதிர்ந்து கரைந்தால் அது வெறும் சுண்ணாம்பு அடுக்கு, வேர் இறங்கும். உதிராமல் கல்லாகவே கிடந்தால் அது இறுகிய சுண்ணாம்புப் பாறை அடுக்கு. குழியில் கடப்பாரையால் அதை உடைத்து மேல்மண்ணால் நிரப்பாமல் நட வேண்டாம்.

மறுமொழி (நிலத்துக்கு உரியவர்)

குழியின் மூன்று பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கட்டி எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஐயா. மூன்றும் அரை மணிக்குள் உதிர்ந்துவிட்டன. சுக்காங்கற்கள் மட்டும் அடியில் தங்கின.