புதுப்பிப்பு: அபராதம் கட்டப் பணமில்லை என்றால்?

தண்டனைக் காலம் முடிந்தும், அபராதம் கட்ட முடியாமல் சிறைக்குள்ளேயே கிடப்பவர்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "ஏழைக்கு வழியே இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

தண்டனையே அபராதம் மட்டும்தான் என்றால், பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 464-ஆம் பிரிவின்படி 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணையோ நீதிமன்றம் தரலாம். தீர்ப்பு வாசித்த கையோடு வக்கீல் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காமல் விடும் வக்கீல்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அபராதத்தில் ஒரு பகுதி கட்டினாலும், கட்டாததற்கான சிறைநாள் அதே விகிதத்தில் குறையும். ரூ.10,000 அபராதம், கட்டத் தவறினால் நான்கு மாதம் சிறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூ.5,000 கட்டினால் இரண்டே மாதத்தில் வெளியே வந்துவிடலாம். சிறையில் இருக்கும்போதும் கட்டலாம்.

அதற்கும் வழியில்லையா? 2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தில், அபராதத்துக்கு ரூ.25,000 வரை மாவட்டக் குழுவே அனுமதிக்கலாம். ஊழல், போதைப்பொருள், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குக் கிடையாது.

வக்கீல் வைக்க வசதியில்லாத குடும்பங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். இலவச உதவி எண் 15100.