பிளர்ப் என்பதற்குத் தமிழ்: சாற்றுரையா, தந்துரையா?

எல்லோருக்கும் வணக்கம்.

விஞ்ஞானப் புனைகதை நாவல் ஒன்றுக்குப் பின்னட்டை வடிவமைக்கிறேன். மேலே, கதையைப் பற்றிப் பதிப்பகம் எழுதிய ஒரு பந்தி. அதற்குக் கீழே, மூத்த எழுத்தாளர் ஒருவர் அனுப்பிய மூன்று வரி, அவர் பெயருடன். வலப்பக்க மூலையில் ஐ.எஸ்.பி.என். கட்டம். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் போட வேண்டும். ஆங்கிலத்தில் முதலிரண்டையும் பிளர்ப் என்றே சொல்கிறார்கள். அணிந்துரை என்று போட முடியாது, அது உள்ளே ஆறு பக்கத்துக்கு இருக்கிறது. மாஸ்டர், மற்றவர்களும், நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

உப்புவெளியிலிருந்து

*

தம்பி,

பிளர்ப் என்ற சொல்லில் வேர் தேடிப் பயனில்லை. 1907இல் ஜெலெட் பர்ஜெஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர், புத்தக வியாபாரிகளின் விருந்துக்கென்று தன் நூலுக்கு ஒரு மேலுறை போட்டார். அதில் ‘பெலிண்டா பிளர்ப்’ என்றொரு கற்பனைப் பெண் நின்று நூலைக் கூவிப் புகழ்வாள். கேலிக்கு வைத்த பெயர் தொழிலில் ஒட்டிக்கொண்டது. ஆகவே அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

மேல் பெட்டியில் சிக்கல் இல்லை. ‘பின்னட்டைக் குறிப்பு’ போதும். பெயரோடு வருகிற அந்த மூன்று வரிதான் விசயம்.

எங்கள் ஊரோடு தொடுப்புள்ள உதாரணமே இருக்கிறது. 1956இல் திருகோணமலைச் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் பார்த்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்தான், பிராங்க் ஹேர்பேர்ட்டின் ‘டியூன்’ நாவலுக்கு ஒப்பாக ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ தவிர வேறொன்றும் தனக்குத் தெரியாது என்று சொன்னவர். டியூனை இருபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1965இல் அதைப் புத்தகமாகப் போட்டது சில்ற்றன், கார் திருத்தும் கையேடுகளுக்குப் பேர்போன நிறுவனம். விஞ்ஞானக் கதை வாசகனுக்கு அந்தப் பதிப்பகத்தின் பெயரால் ஒரு நம்பிக்கையும் வராது. கிளார்க்கின் பெயரால் வரும். வங்கிக் கடனுக்குப் பிணை நிற்பது போலத்தான். முன்பின் தெரியாத உலகம், புரியாத பெயர்கள், ஐந்நூறு பக்கம்: இதற்குள் இறங்கலாமா என்று தயங்குகிறவனுக்கு ஏற்கெனவே அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். மற்ற நாவல்களைவிட இந்த வகைக்குப் பிணை கூடுதலாகத் தேவைப்படுவது அதனால்தான்.

பிணை நிற்பவரால் கெடுதலும் வரும். 1954இல் டோல்கீனின் ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வந்தபோது மேலுறையில் அவர் நண்பரான எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அவரை இத்தாலியக் கவி அரியோஸ்தோவோடு ஒப்பிட்டிருந்தார். விமர்சகர்கள் நாவலை விட்டுவிட்டு அந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தன் ஆதரவு நன்மையளவுக்குத் தீமையும் செய்யலாம் என்று லூயிஸே நண்பரை முன்கூட்டி எச்சரித்திருந்தாராம். 1987இல் ஒரு விஞ்ஞானக் கதைத் தொகுப்புக்கு வரிகள் கேட்டபோது, அதில் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை என்று சொல்லி விஞ்ஞானக் கதை எழுத்தாளர் அர்சுலா லெ குவின் மறுத்துவிட்டார். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது அவர் பெயர். அவர் தர மறுத்ததும் அதைத்தான். அதனால் ‘புகழுரை’, ‘பாராட்டுரை’ இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். அவை புகழைச் சொல்கின்றன, பெயரை விட்டுவிடுகின்றன.

இனி நன்னூல். பாயிரத்துக்கு, அதாவது நூலின் முன்னுரைக்கு, ஏழு பெயர் தருகிறது: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை. என்னதான் சாதித்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்று சொல்லிவிட்டு, பாயிரம் சொல்லத் தக்கவர் யார் என்றும் வரையறுக்கிறது: ஆசிரியன், கூடப் படித்தவன், மாணாக்கன், உரைகாரன். எழுத்தாளர்கள் தங்களுக்குள் முதுகு சொறிந்துகொள்கிறார்கள் என்று இன்று மேற்கே முறைப்படுகிறார்கள். நன்னூலாரோ சொறிபவர் யார் யார் என்று பட்டியலே போட்டுவிட்டார்!

ஆனால் அந்த ஏழும் நூலின் முகப்பில் வருபவை. எனக்குப் பிடித்தது அடுத்த காலத்துச் சொல். 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களைத் திறந்தால், இன்னார் இயற்றியது என்ற தலைப்போடு, நூலைப் புகழ்ந்து பிறர் பாடித் தந்த சாற்றுக்கவிகள் வரிசையாக நிற்கும். கவி போய் வசனம் வந்துவிட்டது, வேலை அதேதான். ஆகவே: சாற்றுரை.

உள்துறைமுக வீதியிலிருந்து

*

மாஸ்டர், சாற்றுரை என்றால் பிள்ளைகள் பழச்சாறு என்று நினைக்கும். அந்த ஏழிலேயே ‘தந்துரை’ சும்மாதானே கிடக்கிறது? லெ குவின் கதைக்கும் அதுதான் பொருந்தும். தருவது, அல்லது தர மறுப்பது.

நிலாவெளியிலிருந்து

*

தங்கச்சி,

பறைசாற்றுதல் தெரிந்த பிள்ளை பழச்சாற்றுக்குப் போகாது. தந்துரைக்கு உரைகாரர்கள் சொன்ன பொருள், நூலுக்குள் இல்லாததைத் தந்து சொல்வது. வரிகள் தந்த எழுத்தாளர் நூலை வாசிக்காமலே எழுதினார் என்று குற்றம் சாட்டுகிற மாதிரி ஆகிவிடும். (சில பின்னட்டைகளுக்கு அது பொருந்தும்தான்.) புறவுரையை எடுத்தால் புறங்கூறல் காதில் விழும்.

சாற்றுதலில் இன்னொரு வசதி, அது ஊரறியச் செய்வது. எழுத்தாளர் எமர்சன் தனக்குத் தனிப்பட எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வரியை அமெரிக்கக் கவி விற்மன் தன் கவிதை நூலின் 1856 பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்தார், அனுமதி கேட்கவில்லை. எமர்சன் சாற்றவில்லை, விற்மன்தான் சாற்றினார். இந்த வித்தியாசத்தைத் தந்துரையால் சொல்ல முடியுமா?

வழக்கில் உருண்டு போகுமா என்றும் பார்த்தேன். சாற்றுரையாளர், சாற்றுரை கேட்டு எழுதினேன், சாற்றுரை மறுத்தார். 2025 தொடக்கத்தில் சைமன் அன்ட் சூஸ்டர் என்ற அமெரிக்கப் பதிப்பகம் தன் முதன்மைப் பிரிவில் எழுத்தாளர்கள் பிளர்ப் தேடித் தர வேண்டியதில்லை என்று அறிவித்தது. ‘இனிச் சாற்றுரை கட்டாயமில்லை’ என்று தலைப்புப் போட்டால் இடறவில்லை.

உள்துறைமுக வீதியிலிருந்து

*

மாஸ்டர், மேல் பெட்டிக்குப் பின்னட்டைக் குறிப்பு, கீழ்ப் பெட்டிக்குச் சாற்றுரை என்று போட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன். அட்டையில் அந்தச் சொல் அச்சாகாது என்பதால், பதிப்புரிமைப் பக்கத்தில் அட்டை வடிவமைப்புக்கு அடுத்த வரியில் ‘சாற்றுரை’ என்று அவர் பெயரைச் சேர்க்கப் பதிப்பாசிரியரிடம் கேட்டேன், ஓம் என்றார். அடுத்த நாவலுக்கு மூன்று பேர் தருகிறார்கள். சாற்றுரைகள் என்று பன்மையில் போடலாம்தானே?

உப்புவெளியிலிருந்து

*

போடலாம். மூன்று பேரும் வாசித்துவிட்டுத் தருகிறார்களா என்று மட்டும் கேள்.