ஏழு வயதுப் பிள்ளைக்கும் நெஞ்செரிவு வருமா?

வெள்ளவத்தை அம்மா:
வணக்கம். என் கணவருக்கு 42 வயது, புறக்கோட்டையில் கடை. வீடு வந்து சேர ஒன்பதரை ஆகும். வரும் வழியில் கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வருவார், சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். நடுச்சாமத்தில் இருமிக்கொண்டு எழும்பி உட்காருவார், வாயெல்லாம் புளிக்குது என்பார். காலையில் குரல் கம்மியிருக்கும். கேஸ்ட்ரைட்டிஸ் என்று நாங்களே முடிவு கட்டி, பார்மசியில் குளிசை வாங்கிப் போடுகிறோம்.

இப்போது மகளை நினைத்துத்தான் பயம். ஏழு வயது. இரண்டு வாரமாக இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறாள். வயிற்றுக்குத்து என்று தொப்புளுக்கு மேலே கையை வைத்துக் காட்டுகிறாள். நேற்றுப் படம் கீறிக்கொண்டிருந்தவள், சட்டென்று வாயை மூடி எதையோ விழுங்கி முகம் சுளித்தாள். என்னம்மா என்றேன். "தோடம்பழத் தண்ணி திரும்பி வந்தது" என்றாள். அன்று அவள் தோடம்பழம் தொடவே இல்லை. சின்னப் பிள்ளைக்கும் இது வருமா?

கொட்டாஞ்சேனை நேர்ஸ் அக்கா:
வரும் தங்கச்சி. அந்தத் தோடம்பழத் தண்ணிக் கதையை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். நான் 22 வருஷம் வார்டில் நின்றவள். இந்த வயதுப் பிள்ளைகள் நெஞ்சு எரியுது என்று சொல்வது குறைவு. வயிற்றுக்குத்து என்பார்கள், சாப்பாட்டைத் தள்ளுவார்கள், இரவில் வறட்டு இருமல் இருக்கும்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும், படுத்தால் இன்னும் சுலபமாக ஏறும். கேஸ்ட்ரைட்டிஸ் வேறு, அது இரைப்பையின் உட்சுவரில் வரும் அழற்சி. எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

உங்கள் கணவரின் இருமலும் குரலும் இதனால் இருக்கலாம். நெஞ்சு எரியாமல் தொண்டையை மட்டும் பிடிக்கும் ஆட்களும் உண்டு. சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கச் சொல்லுங்கள். தலையணைகளை அடுக்க வேண்டாம், வயிறுதான் மடியும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குலக் கட்டை வையுங்கள். அவர் போடும் குளிசையை மகளுக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

விழுங்கும்போது சாப்பாடு சிக்கினால், காரணமில்லாமல் மெலிந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். சத்தியில் இரத்தம், தார் மாதிரிக் கறுப்பாக மலம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

தெகிவளைத் தம்பி:
அக்கா, அண்ணாவின் வயதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். என் அப்பாவுக்கு ஒரு விடியச்சாமம் நெஞ்சு எரிந்தது. கேஸ் என்று இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம். கோப்பையைப் பிடித்த கை கனக்குது என்றார். பெனியன் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அது மாரடைப்பு. 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம், உடனே வந்தார்கள், பிழைத்தார். வியர்வை, மூச்சு வாங்கல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் குளிசை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

புது அம்மா:
என் மகனுக்கு நாலு மாதம். பால் குடித்ததும் தோளில் கக்குகிறான், கக்கிவிட்டுச் சிரிக்கிறான். இதுவும் அதுதானா?

கொட்டாஞ்சேனை நேர்ஸ் அக்கா:
பால் மேலே ஏறுவதுதான், ஆனால் நிறை ஒழுங்காகக் கூடினால் அது நோயில்லை. நாலு மாதமளவில்தான் கூடுதலாக இருக்கும், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். முதுகை வில்லாக வளைத்து அழுது பாலை மறுத்தால், நிறை ஏறாவிட்டால் காட்டுங்கள். பச்சையாகச் சத்தி எடுத்தாலோ, ஒவ்வொரு முறையும் பீச்சியடித்தாலோ அன்றைக்கே பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கத்தான், தட்டையாகத்தான்.

வெள்ளவத்தை அம்மா:
அக்கா, தம்பி, மெத்தப் பெரிய உதவி. மகளை இன்று பின்னேரம் காட்டினேன். அவள் சொன்னதைச் சொன்னதும் டாக்டர் பேனையை வைத்துவிட்டு அவளிடமே திரும்பக் கேட்டார். படுக்கும் நேரத்துச் சாக்லேட்டை நிறுத்தி, இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கு மாற்றச் சொன்னார். இரண்டு வாரத்தில் திரும்பக் காட்ட வேண்டும். இவருக்கும் சனிக்கிழமைக்கு நம்பர் எடுத்தாச்சு. இன்றைக்கு இடியப்பமும் சொதியும் கடைக்கே அனுப்பினேன், ஏழு மணிக்குச் சாப்பிட்டாராம்.