அம்பாசடர் கிராங்க் பேரிங்: 010 அப்படியே போடலாமா, கடைஞ்சு 020 போடணுமா?

கீழக்கரை மார்க்-3 எழுதியது:

அனைவருக்கும் ஸலாம், வணக்கம்.

வண்டி 1977 மாடல் மார்க் 3 அம்பாசடர், பெட்ரோல், 1489 சிசி. எங்க வாப்பா ராமநாதபுரம் ஸ்டேஷன்ல வாடகைக்கு ஓட்டின வண்டி. 1988 அக்டோபர்ல பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்குற வரைக்கும் மண்டபத்தோட சவாரி முடிஞ்சிரும், அதுக்கப்புறம்தான் ராமேஸ்வரம் கோயில் வாசல் வரைக்கும் போனேன்னு சொல்லுவாங்க. இப்ப வாப்பா இல்லை. வண்டியை விக்க மனசு வரலை, ஓட வைக்கணும்.

பிரச்சினை இதுதான். போன மாசம் தேவிபட்டினம் போய்ட்டு வரும்போது அடியில இருந்து கனமா டொக் டொக்னு சத்தம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தா கூடுது, சூடானதும் இன்னும் கூடுது. எஞ்சினை இறக்கிப் பிரிச்சாச்சு. கிராங்க் (பிஸ்டன் அசைவைச் சுத்தலா மாத்துற தண்டு) வெளியில இருக்கு. பிக் எண்ட் பின்னை, அதாவது கிராங்க்ல கனெக்டிங் ராடு மாட்டுற இடத்தை, வெர்னியர் வச்சு அளந்தேன், நாலும் 47.40 மிமீ பக்கம் வருது. புத்தகத்துல புதுசு 47.66ன்னு இருக்கு. அப்போ கால் மிமீ தேஞ்சிருக்கு.

இங்க பார்ட்ஸ் கடையில, "கால் மிமீ தேய்மானம்னா 010 பேரிங் கரெக்டா உட்காரும், கிரைண்டிங் செலவே வேணாம்"னு சொல்றாங்க. மெக்கானிக் அண்ணன் 020க்குக் கடையணும்ங்கிறார். (பின் புது அளவை விட 0.010, 0.020 இன்ச் சின்னதா இருந்தா போடுற பேரிங் சைஸைத்தான் 010, 020ங்கிறாங்க.) மீன்பிடித் தடைக்காலம்கிறதால லேத்துல எல்லாம் படகு எஞ்சின் வரிசையில நிக்குது, கொடுத்தா எப்ப வரும்னே தெரியாது. 010 செட்டை வாங்கி மாட்டிரலாமா? நாளைக்குக் கடைக்குப் போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தொண்டி பழைய வண்டி எழுதியது:

தம்பி, நாளைக்குக் கடைக்குப் போகாதீங்க. பேரிங் கடைசியா வாங்குற சாமான் இல்லை, முதல்ல வாங்குற சாமானும் இல்லை. அளந்த பிறகு வாங்குறது.

ஒரே ஒரு வேலை செய்யுங்க. கழட்டின பழைய பேரிங்கை மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு, முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கிற கறுப்பைத் துணியால தேய்ங்க. அங்க சின்னதா எண் குத்தியிருக்கும். அது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க.

---

கீழக்கரை மார்க்-3 எழுதியது:

பார்த்தேன் அண்ணே. பிக் எண்ட் பேரிங்கோட அரைவட்ட ஓடு எட்டுலயும் 010ன்னு இருக்கு. கிராங்க்கை பிளாக்ல தாங்குற மெயின் பேரிங் ஆறு ஓட்டிலயும் எஸ்டிடி (ஸ்டாண்டர்டு, கடையாத அளவு).

---

தொண்டி பழைய வண்டி எழுதியது:

அப்போ உங்க வாப்பா காலத்துலயே பின்னை ஒரு தடவை கடைஞ்சிருக்காங்க. நீங்க பார்த்த கால் மிமீ தேய்மானமே இல்லை, கிரைண்டர் கல் எடுத்தது. 010ன்னா 0.010 இன்ச், அதாவது 0.254 மிமீ. 47.66ல அதைக் கழிச்சுப் பாருங்க, உங்க 47.40 வந்துரும்.

கடைக்காரர் சொன்னபடி மாட்டியிருந்தா பேரிங் உட்காரத்தான் செஞ்சிருக்கும். ஆனா ஏற்கெனவே ஓடின பின்னுல, உண்மையான தேய்மானம் எவ்வளவுன்னே தெரியாம மாட்டின கணக்கு.

---

மதுரை கிரைண்டிங் பட்டறை எழுதியது:

இருபது வருஷமா கிராங்க் கடையிறேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல வெர்னியரை ஓரமா வைங்க. அது 0.02 மிமீ வரைக்கும்தான் காட்டும், அதாவது முக்கால் தவ்வுக்கும் மேல. (ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கைப் பட்டறையில தவ்னு சொல்லுவோம்.) கிராங்க்ல ஒரு தவ்வுக்குள்ளதான் வழக்கே இருக்கு. பின்னுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு இன்ச், மெயினுக்கு ரெண்டுல இருந்து மூணு இன்ச் மைக்ரோமீட்டர் எங்கயாவது கடன் வாங்குங்க, கூட வர்ற அளவுக் கட்டையை வச்சு ஜீரோ சரியான்னு பார்த்துக்குங்க.

ஒரு பின்னுக்கு நாலு அளவு எடுக்கணும். முன் ஓரத்துல ஒரு தடவை, பின் ஓரத்துல ஒரு தடவை. ரெண்டு இடத்துலயும் மேல் கீழா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. மேல் கீழுக்கும் பக்கவாட்டுக்கும் வித்தியாசம் வந்தா பின் முட்டை வடிவத்துக்குப் போயிருச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் வந்தா கூம்பாயிருச்சு. வட்டமா இருக்கிற பேரிங் முட்டைப் பின்னோட சேராது. ஒரு பக்கம் ஆயில் ஒழுகும், இன்னொரு பக்கம் உரசும், சத்தம் திரும்பவும் வந்துரும்.

உங்க எஞ்சினுக்குப் புதுசுல பின் 1.8759க்கும் 1.8764க்கும் நடுவுல, மெயின் 2.0005க்கும் 2.001க்கும் நடுவுல, எல்லாம் இன்ச் கணக்கு. 010 கடைசல்னா ரெண்டு எண்ணுலயும் பத்து தவ் குறைச்சுக்குங்க. அளவோட வாங்க, மீதியைப் பேசுவோம்.

---

பாம்பன் டீசல் எழுதியது:

படகு எஞ்சின் பார்க்கிறவன் நான். ஒரு கேள்வி. கிராங்க்கை எங்க வச்சிருக்கீங்க?

---

கீழக்கரை மார்க்-3 எழுதியது:

வீட்டுக்குப் பின்னாடி ஓலைக் கொட்டகையில, சாக்கு மேல படுக்க வச்சிருக்கேன் அண்ணே. நாலு நாள் ஆச்சு. இப்ப போய்ப் பார்த்தா பளபளன்னு இருந்த இடமெல்லாம் மஞ்சளா துரு பூத்திருக்கு. விரலை வச்சா பொடி ஒட்டுது.

---

பாம்பன் டீசல் எழுதியது:

அதான் கேட்டேன். நம்ம கடற்கரையில காத்தே உப்பு. கச்சான் அடிக்கிற மாசத்துல, எண்ணெய் போடாத இரும்பு ஒரு ராத்திரி கூடத் தாங்காது. இப்பவே மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, எஞ்சின் ஆயில் தாராளமாத் தடவி, பிளாஸ்டிக் ஷீட்டுல சுத்துங்க. சாக்கு வேணாம், ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும். படுக்க வைக்காம பிளைவீல் பக்கம் கீழ இருக்கிற மாதிரி நிக்க வச்சு, சாயாம கட்டுங்க.

துடைச்ச பிறகு நகத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க. நகம் வழுக்கினா பாலிஷ்ல போயிரும். நகம் மாட்டினா குழி விழுந்திருக்கு, கடையாம தீராது.

இன்னொண்ணு. வடிச்ச ஆயில் என்ன நிறத்துல இருந்துச்சு?

---

கீழக்கரை மார்க்-3 எழுதியது:

பாய் வீட்டு டீ மாதிரி இருந்துச்சு, நுரையோட. பழைய ஆயில்னு நினைச்சுக் கொட்டிட்டேன்.

அளவு எடுத்தாச்சு. ஏர்வாடி பக்கம் ஒரு பட்டறையில மைக்ரோமீட்டர் கொடுத்தாங்க. பெரிய அளவு முதல்ல, சின்ன அளவு அடுத்து:

1ஆம் பின்: 1.8658, 1.8655
2ஆம் பின்: 1.8656, 1.8652
3ஆம் பின்: 1.8652, 1.8627
4ஆம் பின்: 1.8657, 1.8654

மெயின் மூணும் 2.0003, 2.0002, 2.0004. எந்தப் பக்கம் அளந்தாலும் அரை தவ்வுக்குள்ளதான் மாறுது. மெயின்ல துருவைத் துடைச்ச பிறகு நகம் வழுக்குது. 3ஆம் பின்னுல மட்டும் மாட்டுது.

3ஆம் ராடுல இருந்த பேரிங்கோட மேல் பாதியில செம்பு நிறம் தெரியுது. மத்ததெல்லாம் சாம்பல் பூசின மாதிரி மங்கலா, பொடிப் பொடியா அரிச்சிருக்கு.

---

மதுரை கிரைண்டிங் பட்டறை எழுதியது:

இப்ப பதில் சொல்ல முடியும்.

3ஆம் பின் ரெண்டரை தவ் முட்டை. சத்தம் போட்டவன் அவன்தான். மத்த மூணும் நல்லா இருந்தாலும் நாலையும் சேர்த்து 020க்கு இறக்கணும். ஒரு பின்னை மட்டும் 020, மீதியை 010னு விடாதீங்க. நாளைக்கு இன்னொருத்தர் பிரிக்கும்போது குழம்பிப் போவார், பேரிங்கும் செட்டாத்தான் விக்கும்.

மெயினைத் தொடாதீங்க. லேசா பாலிஷ் மட்டும் போட்டு, புது எஸ்டிடி பேரிங். மெயின் ஒரு சைஸ், பிக் எண்ட் ஒரு சைஸுன்னு இருக்கலாம், ரெண்டும் தனித்தனி செட். "ஒரே சைஸாப் போட்டுருவோம்"னு யாராவது மெயினையும் கடையச் சொன்னா கேக்காதீங்க. தேவையில்லாம கடைஞ்ச ஒவ்வொரு தடவையும் கிராங்க் ஆயுசுல ஒரு படி போகுது. இதுக்கு 010, 020, 030, 040, அதோட படி முடிஞ்சுது. உங்க பின் இப்ப ரெண்டாவது படிக்கு வருது.

வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல 020 பேரிங்கைக் கையில வாங்குங்க. 0.50ன்னு மிமீ குத்தின செட் கொடுத்தா வேணாம்னு சொல்லுங்க, இந்த எஞ்சின் இன்ச் கணக்கு. அப்புறம் பேரிங், நாலு ராடு, கிராங்க் எல்லாத்தையும் சேர்த்துக் கிரைண்டரிடம் கொடுங்க. அவர் ராடுல பேரிங்கை மாட்டி, மூடியைச் சரியான டார்க்ல (இறுக்க வேண்டிய விசை அளவுல) இறுக்கி, உள் விட்டத்தை டயல் கேஜ்ல அளப்பார். 1.8578 வருதுன்னு வைங்க, பின்னை 1.8560ல நிறுத்துவார். இடைவெளி 1.8 தவ். ஒரு இன்ச் விட்டத்துக்கு ஒரு தவ் இடைவெளின்னு பழைய பட்டறைக் கணக்கு, ஒண்ணே முக்கால் ரெண்டு இன்ச் பின்னுக்கு அது பொருந்தி வரும். முதல்ல கடைஞ்சுட்டு அப்புறம் பேரிங் தேடினா, கிடைச்ச பேரிங்குக்கு ஏத்த மாதிரி மனசை மாத்திக்க வேண்டி வரும்.

பேரிங் போடாம ராடை மட்டும் இறுக்கியும் அளக்கச் சொல்லுங்க. 3ஆம் ராடோட ஓட்டை நீண்டிருந்தா புதுப் பேரிங் வச்சும் பிரயோஜனம் இல்லை.

கிரைண்டரிடம் மூணு விஷயம் கேட்டு வாங்குங்க. பின்னோட ஓரத்துல இருக்கிற வளைவு அப்படியே வரணும், அங்க கூர் மூலையா விட்டா பின்னாடி கிராங்க் அந்த இடத்துலதான் வெடிக்கும். ஆயில் ஓட்டையோட வாயை மழுக்கணும். கடைஞ்ச பிறகு பாலிஷ் போடணும்.

---

தொண்டி பழைய வண்டி எழுதியது:

பேரிங் ரகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. அலுமினியம்-டின் ரகம் வரும், செம்பு-ஈயம் மேல மெல்லிசா ஈயப் பூச்சு போட்ட ரகமும் வரும். அலுமினியம் கெட்ட சாமான் இல்லை, புது வண்டிகள்ல நிறைய அதுதான். ஆனா நம்ம பழைய கிராங்க்குக்கு ரெண்டாவது ரகம் கிடைச்சா அதையே எடுங்க. பூச்சு மெத்துன்னு இருக்கும், சின்னத் தூசி வந்தா தனக்குள்ள அமுக்கிக்கும், தண்டைக் கீறாது. நீங்க 3ஆம் ராடுல பார்த்த செம்பு நிறம், அந்தப் பூச்சு போய் அடி தெரிஞ்சதுதான்.

தயவுசெய்து ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. லூஸா இருக்குன்னு பேரிங் முதுகுல பேப்பரோ தகடோ வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. மூடியை அரம் போட்டுத் தேய்க்கிற வழக்கமும் இருக்கு. பேரிங் முதுகு முழுசா இரும்போட ஒட்டினாத்தான் சூடு இறங்கும். பேரிங் ஓரம் மூடியை விட ஒரு மயிரிழை உசந்து நிக்கும், அதுதான் இறுகும்போது அதை அழுத்திப் பிடிக்குது. அதைத் தேய்ச்சுட்டா பேரிங் சுத்த ஆரம்பிச்சிரும்.

இந்த எஞ்சின்ல ராடு மூடி சாய்வா வெட்டினது. எண்ணைப் பார்த்து அததுக்கு அதையே போடுங்க. நடு மெயின்ல, கிராங்க் முன்னபின்ன நகராம தடுக்கிற அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் வரும், பள்ளம் இருக்கிற பக்கம் கிராங்க்கைப் பார்க்கணும்.

---

பாம்பன் டீசல் எழுதியது:

எல்லாரும் பேரிங்கைப் பத்திச் சொல்லிட்டாங்க. அது ஏன் போச்சுன்னு நான் சொல்றேன். ஆயில் டீ நிறமா இருந்துச்சுன்னா உள்ள தண்ணி போயிருக்கு. ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?

---

கீழக்கரை மார்க்-3 எழுதியது:

வீட்டு போர் தண்ணிதான் அண்ணே. குடிக்க முடியாது, உப்பு.

---

பாம்பன் டீசல் எழுதியது:

அதான் கதை. உப்புத் தண்ணி ஹெட் கேஸ்கெட் ஓரத்தை அரிச்சு, ஆயில்ல கலந்திருக்கு. பேரிங் சாம்பலா அரிச்சதுக்கும் அதுதான் காரணம். ஹெட்டை லெவல் பார்த்து, புது கேஸ்கெட் போடுங்க. ரேடியேட்டரைப் பிரிச்சுக் கழுவுங்க, உள்ள வெள்ளையாப் படிஞ்சிருக்கும். கிராங்க் ஆயில் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் மண்ணெண்ணெயும் பிரஷும் விட்டு, காத்து அடிங்க. கிரைண்டிங் பொடி உள்ள தங்கினா புதுப் பேரிங் பத்து கிலோமீட்டர் தாங்காது. ஆயில் பம்ப்பையும் பிரிச்சுப் பாருங்க.

இதைச் சரி பண்ணாம தங்கத்துல பேரிங் போட்டாலும் அடுத்த வருஷம் இதே கேள்வியோட வருவீங்க தம்பி.

---

கீழக்கரை மார்க்-3 எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

வண்டி ஓடுது. தாமதத்துக்கு மன்னிக்கணும், தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போன பிறகுதான் லேத்துல என் முறை வந்துச்சு.

020 பேரிங் மதுரையில கிடைச்சுது, செம்பு-ஈயம் ரகம். பார்ட்ஸ் கடையில வாங்கி நேரா கிரைண்டரிடம் கொண்டு போனேன். 3ஆம் ராடோட ஓட்டை நீண்டுதான் இருந்துச்சு, அதையும் சரி பண்ணிக் கொடுத்தார். மெயினுக்கு எஸ்டிடி, பாலிஷ் மட்டும்.

மாட்டும்போது, பேரிங் இடைவெளியை அளக்கிற பிளாஸ்டிகேஜ் இழை ஒரு துண்டு கிடைச்சுது, பச்சை. காஞ்ச பின் மேல நீளவாக்குல வச்சு, மூடியை இறுக்கி, கிராங்க்கை அசைக்காம திரும்பக் கழட்டினேன். இழை நசுங்கித் தட்டையா ஒட்டியிருந்துச்சு. உறையில இருக்கிற கோட்டோட ஒப்பிட்டுப் பார்த்தா பின் நாலும் ஒண்ணரைக்கும் ரெண்டு தவ்வுக்கும் நடுவுல, மெயின் மூணும் ரெண்டு தவ். வாப்பாவோட டார்ச் லைட்டை அடிச்சு மூணு தடவை பார்த்தேன்.

ஆயில் கேஜ் தனியா மாட்டியிருக்கேன். சூடான பிறகு ஓட்டத்துல 50 பவுண்டு பக்கம் நிக்குது. டொக் சத்தம் இல்லை. 300 கிலோமீட்டர்ல ஆயிலை வடிச்சுப் பார்த்தேன், தேன் நிறம். தொண்டி அண்ணனுக்கும் மதுரை அண்ணனுக்கும் பாம்பன் அண்ணனுக்கும் என் துஆ என்னைக்கும் உண்டு.

ரேடியேட்டருக்குத் தெருவுல காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு கேன் தனியாப் பிடிச்சு வச்சுக்கிறேன். உம்மா கேட்டாங்க, குடிக்கவே பத்தலை, வண்டிக்கா பிடிக்கிறேன்னு. பழைய 3ஆம் பேரிங்கை எடுத்துக் காட்டினேன். மறுநாள் அவங்களே ஒரு கேனை என் பக்கம் நகர்த்தி வச்சிட்டாங்க.