புதுப்பிப்பு: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக், முதல் 1,500 கிலோமீட்டர்

போன மாதம் வண்டி எடுத்த அன்று, "196 கிலோ எடை, என் உயரம் ஐந்தரை அடி, சமாளிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தேன். சீட்டைக் குறைந்த உயரமான 825 மில்லிமீட்டரிலேயே வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. சிக்னலில் இப்போது பயமில்லை. பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதுதான் எடை தெரிகிறது.

முதல் சர்வீஸ் முடிந்ததும் கொல்லிமலை போனேன். அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவுகளில் கை இறுகிப்போய்த் தோள் வலித்தது. பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் வளைவு முடியும் இடத்தில் வைத்த பிறகுதான் வண்டி தானாகத் திரும்பியது. இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். இன்ஜினே வேகத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டது. அந்த இறக்கத்தில்தான் இந்த வண்டி எனக்குப் பிடித்துப்போனது.

மைலேஜ் கேட்டவர்களுக்கு: எனக்கு லிட்டருக்கு 28 கிடைக்கிறது. 17 லிட்டர் டேங்க் என்பதால் பங்க் தேடும் கவலை இல்லை. ஊருக்குள் நெரிசலில் வலது காலில் சூடு தெரிகிறது, நெடுஞ்சாலையில் இல்லை.

பின்சீட்டில் அம்மாவை இன்னும் ஏற்றவில்லை. அடுத்த வாரம் பழனி வரை கூட்டிப்போகிறேன், வந்து எழுதுகிறேன்.