மறு: டிஜிபீட்டருக்கு என்ன சொல்? "எதிரொலிப்பி" வேண்டாம், "கைமாற்றி" சரிவருமா பாருங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டி தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் ஏ.பி.ஆர்.எஸ் என்ற அமெச்சூர் ரேடியோ முறையின் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த விவாதத்தில், மூன்று நாளாக எல்லா மடலையும் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நான் மொழி படித்தவன் இல்லை, வண்டியில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு அலைகிறவன். ஆனால் நேற்றைய மடல்களைப் பார்த்தால் டிஜிபீட்டருக்கு (வந்த செய்தியை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) "எதிரொலிப்பி" கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

> எதிரொலிப்பி என்றால் கேட்டதும் புரியும். வந்ததைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை ஐயா. என் தகராறே இந்த "அவ்வளவுதானே"யில்தான்.

ரேடியோப் பக்கமே வராத நண்பர்களும் இங்கே இருப்பதால், வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டின் மேல் ஒரு ஜி.பி.எஸ் பெறுவி. அது நொடிக்கொரு தடவை தான் இருக்கும் இடத்தை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் (அந்த வரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே வாக்கியம்தான், அதற்குப் புதுச் சொல் தேட வேண்டாம்). பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, என் அழைப்புக்குறி (ரேடியோவில் என்னை அடையாளம் காட்டும் பெயர்) எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொதியாக (பாக்கெட்) கட்டி, 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டே தொனிகளாக மாற்றி ரேடியோவிடம் கொடுக்கும். ஒலியைக் கூட்டி வைத்தால் "ப்ர்ர்ராப்" என்று ஒரு கரகரப்பு கேட்கும், ஏறக்குறைய ஒரு நொடி. நொடிக்கு 1200 பிட்தான் வேகம், இன்றைக்கு நத்தை. அதோடு வேலை முடிந்தது. இடம் சொல்லும் பொதிக்கு யாரும் பதில் போடுவதில்லை, கேட்டவர் "ம்" கொட்டுவதும் இல்லை; கேட்டால் கேட்டது, விட்டால் விட்டது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கரகரப்பு வண்டியிலிருந்து நேராகக் கொஞ்ச தூரம்தான் போகும். குன்று மறைத்தால் அதுவும் இல்லை. அதனால்தான் உயரமான இடங்களில் டிஜிபீட்டர் வைக்கிறார்கள். அது செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், சொல் அங்கேயிருந்துதான் வரவேண்டும் என்பது என் கட்சி.

பேச்சுக்கான சாதாரண ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டுக்கொண்டே அதே நேரத்தில் இன்னொரு அலைவரிசையில் அனுப்பும். நீங்கள் பேசி முடிப்பதற்குள் உங்கள் குரல் மறுபக்கம் போயிருக்கும், இரைச்சலோடு பேசினால் இரைச்சலோடு. அதை எதிரொலிப்பி என்று சொன்னால்கூட ஓரளவு ஒத்துக்கொள்வேன். டிஜிபீட்டர் அப்படி இல்லை. பொதி முழுவதும் வந்து சேரும்வரை சும்மா இருக்கும். வந்ததும் கடைசியில் இருக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்கும், ஒரே ஒரு பிட் தவறியிருந்தாலும் பொதியைத் தூக்கி எறிந்துவிடும். சரியாக இருந்தால், "இதை நான் அனுப்ப வேண்டுமா" என்று முகவரியைப் படிக்கும். இதே பொதியை அரை நிமிடத்துக்குள் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் விட்டுவிடும். இல்லையென்றால் தன் அழைப்புக்குறியை அதில் எழுதி, இன்னும் எத்தனை பேரைத் தாண்டலாம் என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அலைவரிசை காலியாகும்வரை காத்திருந்து, அதே அலைவரிசையில் அனுப்பும். எந்த எதிரொலி இத்தனை வேலை பார்க்கிறது? வாங்கிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அடுத்தவனிடம் கொடுக்கிறது. கை மாற்றுகிறது.

"அஞ்சல்" என்று சொன்ன நண்பர் இதற்கு மிக நெருங்கி வந்துவிட்டார். வானொலியில் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் எடுத்து அனுப்புவதை அஞ்சல் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம், இலங்கையில் தொடர் ஓட்டத்துக்கு அஞ்சலோட்டம் என்றே பெயர். அழகான சொல், பழக்கமான சொல். சிக்கல் எங்கே என்றால், கருவிக்குப் பெயர் வைக்கப் போகும்போது. "அஞ்சலி" என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து வந்து என்னவென்று கேட்டார்கள். "குன்றின் மேல் ஓர் அஞ்சலி வைத்திருக்கிறோம்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், யார் போய்ச் சேர்ந்தார் என்று கேட்பார்கள். "அஞ்சல் நிலையம்" என்றாலோ தபால் நிலையம். இது போக, பொதி வானொலியில் மின்னஞ்சல் போல ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுவைக்கும் வசதியும் உண்டு, அதற்கு அஞ்சல் என்ற சொல் கட்டாயம் தேவைப்படும். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்தால் கையேடு எழுதுகிறவர் பாவம்.

"இலக்கமுறை மறு ஒலிபரப்பி" பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அந்தக் கருவியின் எல்லையைத் தாண்டிவிடும்.

நான் சொல்வது: டிஜிபீட்டர் = கைமாற்றி. அதோடு, ஹாப் (பொதி ஒரு டிஜிபீட்டரைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும்) = கை.

இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. பழைய வண்டி வாங்கும்போது "மூன்று கை மாறி வந்தது" என்கிறோம். அதே பேச்சுதான் இங்கும். எத்தனை கை போகலாம் என்று பொதியிலேயே எழுதிவிடுவதற்குப் பாதை என்று பெயர்; வண்டியில் பொதுவாக வைக்கும் பாதை "வைட்1-1, வைட்2-1". இதைப் புதியவருக்கு விளக்க நான் படாத பாடுபட்டிருக்கிறேன். இப்போது ஒரே வரி: "இந்தப் பொதி இரண்டு கை போகலாம், முதல் கை பக்கத்தில் இருக்கும் சின்ன நிலையமாகக்கூட இருக்கலாம், இரண்டாவது உயரத்தில் இருக்கும் பெரிய நிலையமாகத்தான் இருக்கும்." முதல் கை வாங்கியதும் "ஒரு கை மீதி". அதுவும் தீர்ந்தால் பொதி அங்கேயே நின்றுவிடும். யார் கைக்கும் போகாமல் நேராகக் கேட்டால்? அதற்குத்தான் கூப்பிடு தூரம் என்று ஒரு சொல்லை நம் பாட்டன்மார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே. "அவர் என் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், கைமாற்றி வேண்டாம்." இதில் எந்தச் சொல்லுக்காவது அகராதி புரட்ட வேண்டுமா, சொல்லுங்கள்.

ஒரு கதையும் உண்டு. கொஞ்ச நாள் முன்னால் நீண்ட மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன், இறங்கிச் சமவெளிக்கு வந்து நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் இந்தப் பொதிகளைக் காட்டும் இணைய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி போன் செய்து, "என்னண்ணா, எதையாவது மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறீர்களா?" என்றான். நான் நேராகத்தான் போகிறேன். ஆனால் வரைபடத்தில் என் வண்டி ஆறு கிலோமீட்டர் பின்னால் குதித்து, மறுபடி முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய் என்று நடனம் ஆடியிருக்கிறது. அன்றிரவு மூலப் பொதிகளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பின்னால் குதித்த ஒவ்வொன்றிலும் ஒரே கைமாற்றியின் அழைப்புக்குறி இருந்தது (யாருடையது என்று இங்கே வேண்டாம், பிறகு சரிசெய்துவிட்டார்). அலைவரிசை நெரிசலாக இருந்ததால் அது பொதிகளை வரிசையில் அடுக்கி வைத்து நான்கு நிமிடம் கழித்து விட்டிருக்கிறது. இடப் பொதியில் பெரும்பாலும் நேரம் எழுதியிருக்காது, அரை நிமிடக் கணக்கும் தாண்டிவிட்டது, அதனால் எல்லோரும் அதைப் புதுசு என்று நம்பிவிட்டார்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் நான்கு நிமிடம் என்றால் ஆறு கிலோமீட்டர், கணக்கு அப்படியே ஒத்துப்போனது. தம்பிக்கு நான் சொன்ன விளக்கம், "ஒரு கையில் தங்கிவிட்டது". அவனுக்கு ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாது, உடனே புரிந்துகொண்டான். எதிரொலி என்று சொல்லியிருந்தால், நான்கு நிமிடம் கழித்து எதிரொலி எப்படி வரும் என்று அவன் கேட்டிருப்பான். நியாயமான கேள்விதான்.

சரி, வரப்போகும் ஆட்சேபங்கள். "கைமாற்று என்றால் கடன் அல்லவா?" ஆமாம், வட்டியில்லாத சில்லறைக் கடன், அதனால் என்ன? கைமாற்றி என்று ஆக்கிவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். "பணம் கைமாறியது என்றால் லஞ்ச வாடை வருகிறதே" என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். பொதி கைமாறியது என்றால் வராது, வாடை பணத்தில்தான் இருக்கிறது. உண்மையான ஆபத்து வேறு ஒன்று: "கைமாறு". வினையாக "பொதி இரண்டு முறை கைமாறியது" என்பது சரி, ஆனால் அதையே பெயராக்கி "இரண்டு கைமாறு" என்று எழுதினால் நன்றிக்கடன் ஆகிவிடும். என்ன கைமாறு செய்வேன் என்று ரேடியோ அழ ஆரம்பித்துவிடும். ஆகவே பெயர் வேண்டிய இடத்தில் "கைமாற்றம்". இதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்வோம்.

பாக்கெட்டுக்குப் பொட்டலமா, சிப்பமா, பொதியா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து மறுபடி கிளப்பாதீர்கள். பொதி ஏற்கெனவே கணினிப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சுவையான செய்தி மட்டும். 1960களில் டொனால்ட் டேவிஸ் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் தகவலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அனுப்பும் யோசனைக்குப் பெயர் தேடியபோது, பிற மொழிகளிலும் எளிதாகப் போய் உட்காரும் சொல்லாக வேண்டும் என்று மொழியியல் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் "பாக்கெட்" என்று வைத்தார். நாம் இப்போது செய்வதை அவர் அப்போதே செய்திருக்கிறார், என்ன, அவருக்கு மூன்று நாள் மடல் சண்டை இருந்திருக்காது.

அடுத்து பீக்கன், அதாவது நான் இங்கே இருக்கிறேன் என்று வண்டி அவ்வப்போது அனுப்பும் அந்தக் கரகரப்பு. "குரல்" என்று முன்மொழிந்தவருக்கு: வந்ததும் ஒரு குரல் கொடு என்ற பேச்சுவழக்கிலிருந்து எடுத்தது அழகு, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் ரேடியோவில் பேச்சுவழித் தொடர்புக்கே குரல் என்றுதான் சொல்கிறோம். "குரல் அலைவரிசையில் குரல் அனுப்பாதீர்கள்" என்று எச்சரிக்கை எழுத வேண்டி வரும். "கலங்கரை விளக்கம்" நிற்கிற இடத்தில் நிற்பது, என் வண்டி ஓடுகிறது. நான் "கூவல்" என்கிறேன். பழைய இலக்கியத்தில் கூவல் என்றால் கிணறு என்பது எனக்கும் தெரியும், இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை.

கூவல் என்று வைத்தால் இன்னொரு நன்மை, அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தானாக விளங்கும். ஒரு வட்டாரத்துக்கே ஒரு அலைவரிசைதான், ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 144.390. என் ஒரு நொடிக் கூவல் இரண்டு கை மாறினால் குறைந்தது மூன்று நொடி எல்லோருடைய நேரமும் போகிறது. பத்து நொடிக்கு ஒரு தடவை கூவுகிறவரை என்ன செய்வது? அதற்காக இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று கட்டிப்போட்டால், 90 கிலோமீட்டர் வேகத்தில் கூவலுக்குக் கூவல் மூன்று கிலோமீட்டர், வளைவுகளெல்லாம் போய் வரைபடத்தில் வண்டி ஏரிக்குள்ளே நேர்கோடு போட்டு ஓடும். அதனால் நல்ல பெட்டிகள் வேகத்தைப் பார்த்து இடைவெளியை மாற்றும், திரும்பும்போது உடனே ஒன்று கூவும், நின்றுவிட்டால் அரை மணிக்கு ஒன்று போதும் என்று அடங்கிவிடும். அந்த வசதிக்கு "அறிவார்ந்த" என்று ஆரம்பிக்கும் எதையும் வைக்காதீர்கள், "இடமறிந்த கூவல்" போதும். (அப்படியும் பாதிக் கூவல் வழியிலேயே காணாமல் போகும். இந்த அலையின் நீளம் இரண்டு மீட்டர் சொச்சம், குன்றிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பும் அலைகளால் சுமார் ஒரு மீட்டருக்கு ஓர் இடத்தில் சிக்னல் மங்கி ஒரு பள்ளம் விழுகிறது, அந்த வேகத்தில் நொடிக்கு 25 பள்ளம். ஒரு நொடிப் பொதி அத்தனையிலும் விழாமல் தப்ப வேண்டும். தப்புவதே ஆச்சரியம்.)

> டிராக்கர் = பின்தொடரி

டிராக்கர் என்பது என் வண்டியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான்; அதற்குப் பின்தொடரி என்பதை நான் எதிர்க்கிறேன். பின்தொடர யாரும் வரவில்லை. நானே என் பெயரைச் சொல்லி, மறைக்குறி எதுவும் இல்லாமல், உலகமே கேட்கும்படி நான் இங்கே இருக்கிறேன் என்கிறேன். இந்த ஏ.பி.ஆர்.எஸ் முறையை உருவாக்கிய பாப் புரூனிங்கா, இது வண்டியைப் பின்தொடரும் கருவி அல்ல, இருபக்கமும் பேசிக்கொள்ளும் முறை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தவர். பின்தொடரி என்றால் போலீஸ் வேலை மாதிரி இருக்கிறது. "தடஞ்சொல்லி" என்று வைத்தால் எனக்குச் சம்மதம், "கூவி" என்று வைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

கேட்ட பொதிகளை இணையத்துக்கு அனுப்பும் ஐ-கேட்டுக்கு இணைய வாயில், அழைப்புக்குறிக்குப் பின்னால் வரும் எண்ணுக்குப் பின்னொட்டு. வண்டிக்குப் பெரும்பாலும் 9 போடுவார்கள். இவற்றில் சண்டைக்கு இடமே இல்லை, அப்படியே போட்டுவிடலாம்.

நேற்று இரவு என் பெட்டியின் மெனுவில் இவற்றைப் போட்டுப் பார்த்தேன். "கை: 2" என்பது ஹாப் இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. "கைமாற்றி" கொஞ்சம் நெருக்கினால் ஒரு வரியில் நிற்கிறது. "கூவல் இடைவெளி" மட்டும் இரண்டாவது வரிக்கு ஓடிவிடுகிறது, அதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.