ஷவர் வால்வு சொட்டுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். சுவருக்குள் பதித்த ஒற்றைக் கைப்பிடி டைவர்ட்டரை (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு) மூடிய பிறகும் ஷவரிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. நேற்று இரவு பக்கெட் வைத்தேன். விடிவதற்குள் முக்கால் பக்கெட் தண்ணீர். மனசு கேட்கவில்லை.

மாடியில் கேட் வால்வை மூடிவிட்டு, கைப்பிடியின் சின்ன ஸ்க்ரூவை ஆலன் கீ போட்டுக் கழற்றினேன். உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜைச் சுற்றி வெள்ளையாக உப்பு, சுண்ணாம்பு பூசியது போல. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் பித்தளை நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. வினிகரில் நனைத்த துணியை இரண்டு மணி நேரம் சுற்றி வைத்தும் பார்த்தாயிற்று. பலமாகத் திருகினால் சுவருக்குள் இருக்கும் வால்வு பாடியே விரிசல் விட்டுவிடுமோ என்று பயம். வந்து பார்த்த பிளம்பர், டைல்ஸை உடைத்து முழு செட்டையும் மாற்றணும் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் செராமிக் டிஸ்க் தேய்ந்ததற்கோ ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போனதற்கோ சுவரை ஏன் உடைக்க வேண்டும்?

இப்படி இறுகிய நட்டைக் கழற்றியவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், கார்ட்ரிட்ஜ் 35 மி.மீ.யா 40 மி.மீ.யா என்று வெளியே எடுக்காமலே அளக்க முடியுமா? அம்மாவுக்கு மூட்டு வலி, குனிந்து மொண்டு ஊற்றிக் குளிக்க முடியாது. அதனால்தான் அவசரம்.